வண்டி வைத்தியம்: ஸ்விட்ச் ஏன் சுடுகிறது?

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரவு எட்டு மணிக்கு, பனிமூட்டத்தில் அதில் பைக்கில் இறங்கியிருக்கிறான் என் அக்கா மகன். பாதி வழியில், முன்னால் மாட்டியிருந்த கூடுதல் விளக்குகள் இரண்டும் கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிட்டன. ஹெட்லைட் எரிந்ததால் தப்பித்தான். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி ஊர்ந்து ஊர்ந்து, காரவள்ளி அடிவாரம் வந்த பிறகுதான் மூச்சே வந்ததாம்.

மறுநாள் காலை வண்டியோடு என் வாசலில் நின்றான்.

"மாமா, இது ரெண்டாவது ஸ்விட்சுங்க. போன மாசம்தான் மாத்தினேன், இதுவும் போயிருச்சு. இன்னொண்ணு வாங்கிப் போட்டுரட்டுங்களா?"

"வாங்குறது இருக்கட்டும். இது ஏன் போச்சுன்னு முதல்ல பார்ப்போம்" என்றேன்.

உங்கள் வண்டியிலும் இதே தொல்லை இருந்தால், நாங்கள் பார்த்த வரிசையிலேயே பாருங்கள். முதலில் ஃப்யூஸ். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரில், சின்ன டப்பாவுக்குள் இருக்கும். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் புதிதாகப் போடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பிறகு ஒயர் உருகினால் அழுவார்கள்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தது. அடுத்து, விளக்கைப் போட்டுவிட்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்பச் சொன்னேன். அப்படித் திருப்பும்போது விளக்கு விட்டு விட்டு எரிந்தால், ஹேண்டில் கழுத்தருகே மடங்கி மடங்கி ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே பிளாஸ்டிக் முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதுவும் இல்லை.

மூன்றாவது, எர்த். தனி ஒயர் ஒன்றை எடுத்து ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை விளக்கின் கறுப்பு ஒயரிலும் வைத்தால் தெரிந்துவிடும். பளிச்சென்று எரிந்தால் எர்த்தில்தான் கோளாறு. போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டோ துருவோ இருக்கும், சுரண்டிவிட்டு இறுக்கினால் போதும். எங்களுக்கு எரியவில்லை.

அப்புறம்தான் ஸ்விட்சுக்கு வந்தோம். அதன் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டதும் விளக்குகள் பளீரென எரிந்தன. ஆக, ஸ்விட்ச்தான். (உங்கள் ஸ்விட்சில் மூன்று ஒயர் இருந்தால் கவனம். உள்ளே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கும், மூன்றாவது ஒயர் அதற்கான எர்த். அதைத் தவறிப்போய் பிளஸ்ஸோடு தொட்டால் ஃப்யூஸ் போய்விடும்.)

"நான்தான் சொன்னேனுங்களே!" என்று சிரித்தான் பையன். ஒயர்களை மறுபடி மாட்டி, ஸ்விட்சை நாலு தரம் தட்டியதில் விளக்கு மங்கலாக எரிந்தது. அப்படியே மல்டிமீட்டரை வைத்தேன். ஸ்விட்சுக்குள் போகும் இடத்தில் 12.3 வோல்ட். வெளியே வரும் இடத்தில் 9.6. ஸ்விட்சைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

அவன் விளக்குகள் ஒவ்வொன்றும் 40 வாட். இரண்டும் சேர்ந்து 80. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 7 ஆம்பியர். ஸ்விட்சின் முதுகில் பொறித்திருந்ததோ 3 ஆம்பியர்! காணாமல் போன 2.7 வோல்ட் எல்லாம் அந்தச் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் சூடாக மாறியிருக்கிறது. கணக்குப் போட்டால் பதினைந்து வாட்டுக்கு மேல். ரேடியோ ரிப்பேர்க்காரரின் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! பிரித்துப் பார்த்தபோது உள்ளே செம்புத் தகடு கருகி, பிளாஸ்டிக் இளகி வளைந்திருந்தது. மூன்றாவது ஸ்விட்ச் வாங்கியிருந்தால் அதற்கும் இதே கதிதான்.

எல்லா ஸ்விட்சும் இப்படிக் கருகித்தான் சாகும் என்றில்லை. மழையிலும், வாட்டர் சர்வீஸ் பீய்ச்சலிலும் நனைந்து பச்சைக் களிம்பு பிடித்தும் போகும். அதற்கு காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, பத்து இருபது முறை போட்டு அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கருகியதற்கு ஸ்பிரே உதவாது.

வைத்தியம், ரிலே. விளக்கின் முழு மின்சாரத்தையும் ரிலே சுமக்கும். ஸ்விட்ச் அந்த ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். அதற்குக் கால் ஆம்பியர்கூடத் தேவைப்படாது. ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30-க்கு ஃப்யூஸ் வழியாக பேட்டரி பிளஸ், 87-லிருந்து விளக்குகளுக்கு, 86-க்கு ஸ்விட்ச் ஒயர், 85-க்கு எர்த். ஸ்விட்சுக்கு வரும் பிளஸ்ஸை, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒயரிலிருந்து எடுங்கள். நேரடியாக பேட்டரியிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு நாள் அணைக்க மறந்தால்? 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி இந்த விளக்குகளுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வண்டி இன்னும் வாரன்ட்டியில் இருந்தால் கம்பெனி ஒயரை வெட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரிலேயும் புது ஸ்விட்சும் மாட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது. ஸ்விட்சைப் போட்டதும் சீட்டுக்கு அடியில் 'டிக்' என்றது ரிலே. மீட்டரை வைத்தால் விளக்கின் முனையில் 12.1 வோல்ட். விளக்குகளின் முகத்தையும் கொஞ்சம் தரையைப் பார்க்கத் தாழ்த்திவிட்டேன். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால், அவர் நம் மேலேயே வந்து மோதுவார்.

அடுத்த வாரம் காரவள்ளியிலிருந்து போன். "மாமா, இப்பத்தான் இறங்கினேன். வழி நெடுக விளக்கு எரிஞ்சுது. ஸ்விட்ச் ஜில்லுன்னு இருக்குதுங்க!"