தோற்கட்டும், ஆனால் காட்டுங்கள்

1996 மார்ச் 23 அன்று ஜப்பானின் டிவி அசாஹி அலைவரிசையில் 'ஸ்லாம் டங்க்' அனிமே தொடரின் 101ஆவது பகுதி ஒளிபரப்பானது. அதுதான் கடைசி. இரண்டரை ஆண்டுகள் அந்தக் கூடைப்பந்துத் தொடரைப் பார்த்துவந்த பிள்ளைகள் எந்தத் தேசியப் போட்டிக்காகக் காத்திருந்தார்களோ, அது தொடங்கவே இல்லை. ஷோஹோகு பள்ளி அணி, மூலக்கதையில் இல்லாத ஒரு பயிற்சி ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டுத் தேசியப் போட்டிக்குக் கிளம்புகிறது. தொடர் அங்கேயே நின்றுவிட்டது. அதே வாரங்களில் 'ஷோனென் ஜம்ப்' இதழில் மூல மாங்காவின் (சித்திரக்கதையின்) ஆசிரியர் இனோயுவே தகேஹிகோ அந்தத் தேசியப் போட்டியின் உச்சத்தை, சன்னோ அணியுடனான ஆட்டத்தை, வரைந்துகொண்டிருந்தார். மாங்கா வாசகர்களுக்குக் கிடைத்த அந்த ஆட்டம் தொலைக்காட்சிப் பார்வையாளர்களுக்குக் கிடைக்க 2022 டிசம்பர் ஆனது. நடுவில் 26 ஆண்டுகள்.

விளையாட்டு அனிமே ரசிகர்களைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஓர் எண்ணம் உண்டு. நாயகன் ஜெயித்தால் கொண்டாடுவார்கள், தோற்றால் கொதிப்பார்கள் என்று நினைக்கிறார்கள். இந்த வகைத் தொடர்களின் அரைநூற்றாண்டு வரலாற்றில் நான் காண்பது வேறு. தோல்வியை இந்த ரசிகர்கள் மனமாரத் தாங்கியிருக்கிறார்கள். தோற்றவர்களைத்தான் அதிகம் நேசித்திருக்கிறார்கள். அவர்களை ஆண்டுக்கணக்கில் உறுத்துவது, நடந்திருக்க வேண்டிய ஆட்டத்தை நடத்திக் காட்டாமல் விட்டதுதான். அந்த உறுத்தல் நியாயமானது என்பதே என் கட்சி.

தோல்வி ஏன் அவ்வளவு இயல்பாக ஏற்கப்படுகிறது என்பதற்கு ஜப்பானியப் பள்ளி விளையாட்டின் அமைப்பைப் பார்த்தால் போதும். கோஷியன் மைதானத்தில் நடக்கும் கோடைக்காலப் பள்ளி பேஸ்பால் போட்டியை எடுத்துக்கொள்வோம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் மாநில அளவிலான தகுதிச் சுற்றுகளில் மோதி, 49 அணிகள் கோஷியனுக்கு வருகின்றன. ஒருமுறை தோற்றால் வெளியே. இறுதிவரை தோற்காத அணி ஒன்றே ஒன்று. மற்ற எல்லாப் பள்ளிகளின் மூன்றாமாண்டு மாணவர்களும் தங்கள் கடைசி ஆட்டத்தைத் தோல்வியில்தான் முடிக்கிறார்கள். அதோடு மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போகிறார்கள். தோற்ற பையன்கள் மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு ஊர் திரும்புவதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. கூடைப்பந்து, கைப்பந்து என்று பிற விளையாட்டுகளிலும் பள்ளி வாழ்க்கை இப்படித்தான் முடிகிறது. பள்ளிக்காலத்தில் ஏதேனும் ஓர் அணியில் இருந்த எவருக்கும் கடைசி ஆட்டம் என்றால் நினைவுக்கு வருவது தோல்விதான்.

'ஹைக்யூ' இதை நன்றாகப் புரிந்துகொண்ட படைப்பு. ஃபுருதாதே ஹருஇச்சி 2012 முதல் 2020 வரை வரைந்த கைப்பந்துக் கதை அது. 2014இல் அனிமேயாக வந்தது. முதல் பருவத்திலேயே நாயக அணியான கராசுனோ முதல் சுற்றில் வீழ்த்துகிற எளிய அணிக்கும், அதே நாளில் தோற்கிற பெண்கள் அணிக்கும் கதை நின்று நேரம் ஒதுக்குகிறது. ஒரே ஒரு ஆட்டம் ஆடி வீடு திரும்பும் பிள்ளைகளின் முகங்களை அது அவசரமின்றிப் பார்க்கிறது. அந்தப் பருவத்தின் முடிவில் கராசுனோவும் தோற்கிறது. பயிற்சியாளர் பையன்களை உணவகத்துக்கு அழைத்துப்போய் உட்கார வைக்கிறார். அவர்கள் அழுதுகொண்டே சோற்றை அள்ளி அள்ளி உண்கிறார்கள். அந்தக் காட்சியை வெறுத்த ரசிகர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

இன்னும் பின்னால் போனால் 'அஷிதா நோ ஜோ' இருக்கிறது. கஜிவாரா இக்கி வேறொரு புனைபெயரில் எழுத, சிபா தெத்சுயா வரைய, 1968 முதல் 1973 வரை வெளிவந்த குத்துச்சண்டைக் கதை. தோக்கியோவின் கூலித்தொழிலாளர் குடியிருப்பில் வாழ்கிற ஜோ, அவனுக்கு எதிரியும் உயிர்த்தோழனுமான ரிகிஇஷி. ஜோவின் எடைப்பிரிவுக்கு இறங்கி அவனோடு மோதுவதற்காகத் தன் உடலை வற்றவைத்த ரிகிஇஷி, அந்தச் சண்டையில் வென்ற கையோடு இறந்துபோகிறான். 1970 மார்ச் 24 அன்று, கவிஞரும் நாடக இயக்குநருமான தெரயாமா ஷூஜியின் முன்முயற்சியில், பதிப்பகமான கோதான்ஷாவின் கட்டடத்தில் அந்தக் கற்பனைக் குத்துச்சண்டை வீரனுக்கு இறுதிச் சடங்கு நடந்தது. சுமார் 700 பேர் வந்தார்கள். மாணவர் போராட்டங்கள் ஓய்ந்துகொண்டிருந்த காலம்; வந்த பலருக்கு அது ஒரு பாத்திரத்தின் சாவோடு நிற்கவில்லை. ஆனாலும் அவர்கள் கதாசிரியரைத் திட்டுவதற்காக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துக்கம் கொண்டாட வந்தார்கள். அந்தச் சாவு அவர்கள் கண்ணெதிரே, ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு சுற்றாக, முழுமையாக நடந்திருந்தது.

ஜோவின் முடிவும் அப்படியே. உலகச் சாம்பியன் ஹோசே மெண்டோசாவுடன் 15 சுற்றுகள் ஆடிப் புள்ளிகளில் தோற்று, தன் மூலையில் முக்காலிமீது உட்கார்ந்திருக்கிறான்; முகத்தில் சிறு புன்னகை, உடல் முழுக்க வெள்ளை. இறந்தானா, உயிரோடு இருக்கிறானா? கஜிவாரா எழுதித் தந்த முடிவு வேறு. அதில் நிறைவில்லாத சிபா, அதை ஒதுக்கிவிட்டுத் தானே இந்தக் கடைசிப் பக்கத்தை உருவாக்கினார். 1981இல் தெசாகி ஒசாமு இயக்கிய இரண்டாம் அனிமே தொடரும் அந்தப் படத்தோடுதான் முடிந்தது. ஐம்பது ஆண்டுகளாக விவாதம் தீரவில்லை. மருத்துவர்கள்கூட அந்தப் படத்தை வைத்துக் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முடிவை இவ்வளவு திறந்துவைத்தும் ரசிகர்கள் ஏமாற்றப்பட்டதாக உணராததற்குக் காரணம் எளிது. 15 சுற்றுகளும் அவர்களுக்குக் கிடைத்தன. வாழ்வா சாவா என்பதைத்தான் கதை மறைத்தது. உழைப்பில் ஒரு துளியையும் மறைக்கவில்லை.

மீண்டும் ஷோஹோகுவுக்கு வருவோம். மாங்காவில் அவர்கள் சன்னோவை 79–78 என்று வீழ்த்துகிறார்கள். அடுத்த சுற்றிலேயே படுதோல்வி. அதைக் கதை ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. கோப்பை இல்லை. நாயகன் சகுராகி முதுகுக் காயத்தோடு கடற்கரையில் உட்கார்ந்து கடிதம் படிக்கிறான். இதை எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு, தொடர்ச்சி வேண்டும் என்று கேட்டவர்கள் ஏராளம். என்றாலும் காலப்போக்கில் அந்த முடிவு ஜப்பானிய மாங்காவின் மகத்தான முடிவுகளில் ஒன்றாக நிலைபெற்றது. விற்பனை பத்துக் கோடிப் பிரதிகளைத் தொட்டபோது, 2004 டிசம்பரில், கனகாவா மாநிலத்தில் மூடப்பட்டிருந்த ஒரு பள்ளியின் 23 கரும்பலகைகளில் இனோயுவே சுண்ணக்கட்டியால் 'பத்து நாள் கழித்து' நடப்பதை வரைந்து வாசகர்களுக்கு நன்றி சொன்னார். அங்கும் கோப்பையை அவர் வாங்கித் தரவில்லை, வாசகர்களும் கேட்கவில்லை.

தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களின் கணக்கு வேறு. வாரம் இருபது பக்க அளவில் வெளிவரும் மாங்காவை வாரம் அரை மணி நேரம் ஓடும் அனிமே சீக்கிரமே எட்டிப்பிடித்துவிடும். அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்கள் அதைத் தவிர்க்க ஒரு பந்தடியை நீட்டினார்கள், பழைய காட்சிகளைத் திரும்பப் போட்டார்கள், மாங்காவில் இல்லாத ஆட்டங்களைப் புகுத்தினார்கள். எதுவும் போதாமல் போனபோது நிறுத்திவிட்டார்கள். இது கலைத் தீர்மானம் என்று யாரும் சொல்ல முடியாது. மொரிகாவா ஜோஜியின் குத்துச்சண்டைக் கதையான 'ஹஜிமே நோ இப்போ'வின் ரசிகர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள்: 1989இல் தொடங்கிய மாங்கா ஓய்ந்தபாடில்லை, அனிமேயின் கடைசிப் பருவம் 2014இல் நின்றது. அந்தப் பருவத்தின் இறுதிப் பகுதிகள் முதிய பயிற்சியாளரின் இளமைக்காலத்தைச் சொல்பவை. தனியாகப் பார்த்தால் அருமையானவை. நாயகன் இப்போவுக்கு அடுத்து என்ன ஆனது என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

26 ஆண்டுகள் கழித்து இனோயுவே தானே எழுதி இயக்கிய 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' வரவிருந்தபோது எழுந்த எதிர்ப்பை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். வெளியீட்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கையில்தான் பழைய குரல் கலைஞர்கள் எவரும் இல்லை என்பது தெரியவந்தது. முன்பதிவுச் சீட்டுகள் அதற்குள் விற்கப்பட்டிருந்தன. கதை என்ன என்பதையும் சொல்லவில்லை. கோபம் கடுமையாக இருந்தது. வெறும் பழைய நினைவின் பிடிவாதம் என்று அதை ஒதுக்குவது தவறு. பாதியில் விடப்பட்ட ஆட்டத்தை எந்தக் குரல்களோடு விட்டார்களோ அந்தக் குரல்களோடு முடித்துத் தரக் கேட்பது இயற்கை. ஒருமுறை ஏமாந்தவர்கள் இரண்டாவது முறையும் அஞ்சினார்கள்.

படம் வந்தது. சன்னோ ஆட்டம் முழுதாக இருந்தது. எதிர்ப்பு சில நாள்களில் கரைந்தது. ஜப்பானில் மட்டும் 1,500 கோடி யென்னுக்கு மேல் வசூல். தென்கொரியாவில் 40 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அங்கே முதலில் வந்தவர்கள் தொண்ணூறுகளில் அந்த மாங்காவைப் படித்து வளர்ந்தவர்கள்; பிறகு அவர்களின் பிள்ளைகளும் வந்தார்கள்.

இனோயுவே செய்த ஒரு காரியத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் முடிவு தெரியும். 79–78 என்பது ரசிகர்களுக்குத் தங்கள் பிறந்தநாளைப் போல மனப்பாடம். தெரிந்த முடிவுக்கு மக்களை மறுபடி மூச்சைப் பிடிக்க வைப்பது எப்படி? மாங்காவில் பின்கதை அதிகம் சொல்லப்படாத ஷோஹோகு வீரன் மியாகி ரியோட்டாவைப் படத்தின் நடுவில் நிறுத்தினார். ஒகினாவாவில் பிறந்தவன், குட்டையானவன், அண்ணனைக் கடலுக்குப் பறிகொடுத்தவன், தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாதவன். ஆட்டத்தின் புள்ளிகள் நமக்குத் தெரிந்தவையாக இருக்கலாம். அந்தப் புள்ளிகளை அடிக்கும்போது இவனுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது. சகுராகி ஒதுக்கப்பட்டுவிட்டான் என்று வருந்திய ரசிகர்கள் இருந்தார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் இனோயுவேவின் தேர்வே சரி. சகுராகியின் கண்வழியே எடுத்திருந்தால் அது மாங்காவுக்கு வண்ணம் பூசிய பிரதியாகியிருக்கும்.

கடைசி நொடிகளில் அவர் ஓசையைக் குறைத்துக்கொண்டே போய் முற்றிலும் நிறுத்திவிடுகிறார். மாங்காவிலும் அந்தப் பக்கங்களில் ஏறக்குறைய வசனமே கிடையாது. பந்து ருகாவாவின் கையிலிருந்து, ஒரே அணியில் இருந்தும் அவனுக்கு ஜென்ம விரோதியான சகுராகிக்குப் போகிறது. அந்த நேரத்தில் அரங்கம் முழுவதும் அசையாமல் இருந்ததைப் பற்றிப் பலரும் எழுதினார்கள்.

2024 பிப்ரவரியில் வெளியான 'ஹைக்யூ' திரைப்படம் இதே கேள்வியை வேறு கோணத்தில் எழுப்பியது. கராசுனோவும் நெகோமாவும், காகமும் பூனையும், முதல் பருவத்திலிருந்தே ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்த ஆட்டம் அது. இரு பள்ளிகளின் முதிய பயிற்சியாளர்களின் பகைமையும் நட்பும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆட்டம் மூன்று செட். படம் 85 நிமிடம். 2016இல் மூன்றாம் பருவம் ஷிராதோரிசாவா அணியுடனான ஒரே ஆட்டத்துக்குப் பத்துப் பகுதிகளை, அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல், ஒதுக்கியிருந்தது. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். மனக்குரல்கள் வெட்டப்பட்டன, துணைப் பாத்திரங்களின் நேரம் போய்விட்டது, ஒரு முழுப் பருவமாக வந்திருக்க வேண்டும் என்றார்கள். படமோ ஜப்பானில் 1,000 கோடி யென்னைத் தாண்டியது.

வசூலை வைத்து அந்தக் குறையைத் தள்ளுபடி செய்ய நான் தயாரில்லை. படத்தில் அபாரமான இடங்கள் உண்டு. நெகோமா வீரன் கென்மாவின் கண்களுக்குள்ளிருந்தே ஒரு நீண்ட ரேலி முழுவதையும் பார்க்கிறோம். மூச்சிரைப்பும் தரையில் ஷூ உரசும் சத்தமும்தான் துணை. ஆட்டம் முடியும் விதம் இன்னும் அழகு: வியர்வையால் ஈரமான பந்து கென்மாவின் கையிலிருந்து வழுக்கி விழுகிறது. வீர அடி கிடையாது. எந்த விளையாட்டையும் அக்கறையோடு ஆடியிராத அந்தப் பையன், தோற்றுப்போய்த் தரையில் கிடந்தபடி, மகிழ்ச்சியாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறான். அந்த ஒப்புதலின் எடை, அதற்கு முன் எவ்வளவு நேரம் களைத்தான் என்பதிலிருந்துதான் வருகிறது. களைப்பை 85 நிமிடத்துக்குச் சுருக்கினால் எடையும் குறையும். பந்து தரையைத் தொடாமல் இருக்கும் அந்த வினாடிகளை நீட்டி நீட்டித்தான் இந்தக் கலை வளர்ந்தது. நீட்டல் சலிக்கிறது என்று புலம்பும் ரசிகரே அது இல்லாதபோது அதைத் தேடுகிறார். இதில் முரண் இல்லை.

என் வாதத்துக்கு எதிராக ஒரு படைப்பு நிற்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மட்சுமோட்டோ தையோவின் மேசைப்பந்துக் கதையை யுவாசா மசாஆகி 2014இல் 11 பகுதிகளாக எடுத்த 'பிங் பாங்'. சிறுவயது நண்பர்களான பெக்கோவும் ஸ்மைலும் இறுதிப் போட்டியில் சந்திக்கிறார்கள். ஆட்டம் தொடங்குகிறது, கதை அதை விட்டு ஆண்டுகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. யார் வென்றார் என்பது பின்னர் போகிற போக்கில்தான் தெரிகிறது. ரசிகர்கள் கொதிக்கவில்லை. இதை எப்படி விளக்குவது? அந்தக் கதையின் கேள்வி யார் சாம்பியன் என்பது கிடையாது. சோம்பலில் தன்னைத் தொலைத்த பெக்கோ மீண்டு வருவானா, சிரிக்காத ஸ்மைலுக்காக அவன் வருவானா என்பதே. முழங்கால் வலியோடு கசாமாவை எதிர்த்து ஆடும் அரையிறுதியில் அந்தக் கேள்விக்கு விடை முழுமையாக, ஒரு பந்து விடாமல், கிடைத்துவிடுகிறது. ஆட்டத்துக்கு முன் அச்சத்தில் கழிப்பறைக்குள் அடைந்துகொள்ளும் கசாமாவும் அந்த ஆட்டத்தில்தான் முதல்முறை மகிழ்கிறான். அதன்பின் இறுதிப் போட்டி அந்த இருவரின் சொந்த விஷயம். யுவாசா அதை அவர்களிடமே விட்டுவிட்டார். ஆகவே எல்லா ஆட்டத்தையும் காட்டு என்று ரசிகர்கள் கேட்பதில்லை. எந்த ஆட்டத்துக்காக அழைத்துவந்தாயோ அதைக் காட்டு என்கிறார்கள்.

'ஹைக்யூ'வின் அடுத்த திரைப்படம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதில் வரவேண்டியது கமோமெதாய் அணியுடனான காலிறுதி. நெகோமா ஆட்டம் முடிந்த அதே நாளில் நடப்பது. மூன்றாவது செட்டின் நடுவே காய்ச்சலில் கராசுனோவின் நாயகன் ஹினாட்டா சரிந்துவிழுகிறான், களத்திலிருந்து வெளியேற்றப்படுகிறான், அவன் இல்லாமலே கராசுனோ தோற்கிறது. மாங்கா படித்தவர்கள் அனைவருக்கும் இது தெரியும். இதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஹினாட்டா சரிவதற்கு முந்தைய இரண்டரை செட்டுகளையும் குறைக்காதீர்கள்.