ஓடாதே, ஒளிக்காதே!

ஒர்க்‌ஷாப்பில் நமக்கு முதல் பாடமே பாதுகாப்புதான். நம்ம மறைமலை நகர்ப் பிள்ளைகளுக்கு, நாய் விஷயத்தில் அந்தப் பாடம் எடுத்தது யார்?

நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக்கூடாது. கையைத் தொங்கவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல், மரம் மாதிரி நிற்கணும். தின்கிற நாயை, குட்டி போட்ட நாயைச் சீண்டக்கூடாது.

அதைவிட முக்கியம், கடித்தால் மறைக்கக்கூடாது. அடி விழுமேன்னு பயந்து பிள்ளைகள் மூடி மறைப்பதுதான் ஆபத்து. 1885-இல் பாஸ்டரின் ஊசியைப் போட்டுக்கொண்ட ஜோசப் மெய்ஸ்டருக்கு வயது 9. கடிபட்ட இரண்டே நாளில் ஊசி, பிழைத்தான். ரேபிஸ் முற்றினால் மருந்தில்லை. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஊசி இலவசம்.

ஆகவே தோழர்களே, கடிபட்டேன்னு தம்பி தங்கை வந்து சொன்னால் திட்டாதீர்கள். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் அடுத்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.