காந்தம் காவலாகுமா?

பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று. அதன்மேற் சுற்றிய செப்புக் கம்பி. அதற்கும் மேலே கறுப்பு ஒட்டுநாடா. அண்மையில் இரணைமடுவில் எம் மாணவன் ஒருவன் வகுப்புக்குக் கொண்டுவந்த பொருள் இது. அயல்வீட்டுப் பெரியவர் இரண்டு செய்தாராம்; ஒன்றைத் தம் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு, மற்றையதைப் பரீட்சைக்குப் படிக்கும் இவனுக்குக் கொடுத்தாராம். தொலைவிலிருந்து இலத்திரனியற் கருவிகளால் மனிதரின் மனத்தை ஆட்டிவைக்கின்றனர் என்பதும், காந்தம் அவ்வலைகளைத் தடுக்கும் என்பதும் அவர் நம்பிக்கை. வகுப்புச் சிரித்தது. கற்றவர் பலரும் இப்படித்தான் சிரிப்பர். அச்சிரிப்பையும் அக்காந்தத்தையும் ஒருங்கே எதிர்க்க வேண்டும் என்பதே எம் வாதம்.

முதலிற் சிரிப்பைப் பற்றிச் சொல்வோம். போர்க்காலத்தில் வன்னி வானில் ஆளில்லா வேவு விமானங்கள் ஓயாது இரைந்து திரிந்தன. மக்கள் அவற்றை 'வண்டு' என்றனர். வண்டு சுற்றிய இடத்தைத் தேடிக் கிபிர் வரும், எறிகணை வரும் என்பதை அவர்கள் பாடநூலிற் படிக்கவில்லை. பதுங்குகுழிக்குள் இருந்து கற்றனர். 2009 ஜனவரி 2 ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்தது. அவ்வாண்டு மே மாதத்திற் போர் முடிந்தது. காணாத கண்ணொன்று மேலிருந்து பார்க்கிறது என்பது இம்மண்ணில் வெறுங் கற்பனையாகத் தொடங்கியதன்று. அன்றாட உண்மையாக இருந்தது. அதே ஆண்டில் எம் அயல் மாவட்டமான யாழ்ப்பாணத்தில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 32.6 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளையும் 22.2 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும் கண்டது. இத்தகைய மக்களின் அச்சத்தைப் பார்த்து நகைப்பவன் பகுத்தறிவாளனல்லன், வரலாறு அறியாதவன்.

எனினும், அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதனாற் பரிகாரமும் உண்மையாகிவிடாது. காந்தம் தன்னருகே இரும்பை இழுக்கும். தூரம் கூடக்கூட அதன் வலு மிக விரைவாகத் தேயும். வெளியிற் செல்லும் வானொலி அலையை அது மறிப்பதுமில்லை, திருப்புவதுமில்லை. அலையைத் தடுப்பது கடத்தும் உலோகத்தாலான மூடிய கூடு. மைக்கல் பரடே 1836 இல் உலோகத் தாள் பொதிந்த அறையொன்றைக் கட்டி, வெளியே மின்பொறி பறக்க உள்ளே அதன் தாக்கம் இல்லாமையைக் காட்டினார். கைத்தொலைபேசியைச் சுற்றிக் காந்தங்களை அடுக்கிவிட்டு அழைத்துப் பாருங்கள், மணி ஒலிக்கும். அதனையே அலுமினியத் தாளில் இடைவெளியின்றிப் பல சுற்றுச் சுற்றிய பின் அழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அழைப்பு எட்டாது. சிரித்த வகுப்பு அன்று இதனைச் செய்து பார்த்தது. பின்னர் சிரிக்கவில்லை, கேள்வி கேட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலிய காந்தம் இதயமுடுக்கி பொருத்தியவருக்கு ஊறு செய்யலாம். சிறு காந்தங்கள் இரண்டைக் குழந்தை விழுங்கினால் அவை குடலை இடையில் நெரித்துத் துளைக்கக்கூடும்.

இந்நம்பிக்கை புதியதுமன்று. இலண்டன் பெத்லெம் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்த ஜேம்ஸ் டில்லி மத்தியூஸ் என்பவர், கயவர் கூட்டமொன்று 'காற்றுத் தறி' எனும் பொறியாலும் காந்தவிசையாலும் தம் எண்ணங்களைத் திரிப்பதாகக் கூறினார். மருத்துவர் ஜோன் ஹஸ்லம் 1810 இல் அதனை நூலாக்கினார். இயந்திரத் தறிகள் இங்கிலாந்தை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அச்சமும் தறியின் உருவை எடுத்தது. எம்மவரிடையே அது சூனியத்தின் உருவில் இருந்தது. மாற்றாகச் செப்புத் தகட்டில் எழுத்துக் கீறிக் கூட்டில் அடைத்துக் கட்டினர். அதற்கும் எந்திரம் என்றே பெயர். இன்று சூனியத்தின் இடத்தில் அலை. தகட்டின் இடத்திற் காந்தம். விஞ்ஞானத்தின் சொற்கள் வந்துவிட்டன, விஞ்ஞானம் வரவில்லை.

வீட்டிற் செய்த கவசம் ஏழையின் கைவேலை. வசதியுள்ளவனுக்குக் கடையில் விற்கிறார்கள். 2020 ஒக்டோபரில் இந்தியாவின் ராஷ்டிரிய காமதேனு ஆயோக் எனும் அரச அமைப்பின் தலைவர் வல்லபாய் கதிரியா, கைத்தொலைபேசியின் கதிர்வீச்சைக் குறைக்குமெனச் சாணத்தாற் செய்த வில்லையொன்றை அறிமுகப்படுத்தினார். அதன் பெயரிலேயே 'கவசம்' இருந்தது. அறிவியலாளர் பலர் சான்று கேட்டனர். 2021 டிசெம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை, கதிரிலிருந்து காப்பதாக விற்கப்பட்ட பதக்கம், கைவளை முதலிய பத்துப் பொருள்கள் தாமே தீங்கான கதிரியக்கத்தை வெளியிடுவதாக எச்சரித்தது. கதிருக்கு அஞ்சியவன் கதிரியக்கத்தை விலைகொடுத்து வாங்கிக் கழுத்திற் கட்டினான். அச்சத்தை முதலாக்கும் வணிகம் வேறெதைச் செய்யும்?

"அமெரிக்காவின் சீ.ஐ.ஏ. மனத்தைக் கட்டுப்படுத்த முயன்றது உண்மையல்லவா?" என்று கேட்பர். உண்மையே. எம்.கே. அல்ட்ரா எனும் அத்திட்டம் 1953 இல் தொடங்கிற்று. ஏதுமறியாத மனிதருக்கு எல்.எஸ்.டி. எனும் மருந்தைக் கொடுத்துச் சோதித்தனர். மண்டைக்குள் எண்ணத்தை நுழைக்கும் அலைக்கருவி அதிலிருந்து பிறக்கவில்லை. சிதைந்த வாழ்வுகளே மிஞ்சின. 1973 இல் அதன் தலைவர் ரிச்சட் ஹெல்ம்ஸ் கோப்புகளை அழிக்கக் கட்டளையிட்டார். ஆயினும் 1975 இல் செனற் சபை விசாரணை உண்மையை வெளியே கொணர்ந்தது. கணக்குக் கோப்புகளிடையே தப்பிக் கிடந்த ஏறத்தாழ 20,000 பக்கங்கள், தகவல் கோரும் சட்டத்தின் வழியே 1977 இல் வெளிவந்தன. அந்த இரகசிய அதிகாரத்தைத் தலைகுனிய வைத்தவை பகிரங்க விசாரணையும் மக்களின் கேள்வியுமே.

காந்தத்தின் பெருந்தீங்கு இங்குதான் இருக்கிறது. எம்மைக் கண்காணிப்பவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ், எவர் கட்டளையால் என்பன நால்வர் கூடிய இடத்திற் கேட்க வேண்டிய கேள்விகள். காந்தம் அவற்றைத் தலையணையின் கீழே ஒளித்து, மனிதனைத் தன் அச்சத்துடன் தனியே விட்டுவிடுகிறது. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களுடன் அமர்ந்தனர். அஞ்சுவதற்கு அவர்களுக்கும் காரணம் இருந்தது. அவர்கள் கவசம் தேடவில்லை. பிள்ளைகள் எங்கே என்று அரசைக் கேட்டனர். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எம் நாட்டிலும் உண்டு. அச்சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதக் கற்பிப்பதும் தமிழ் கற்பிப்பதன் பகுதியே என்போம்.

அப்பெரியவருக்கு வேண்டியன இரண்டு. அவர் கதையை இறுதிவரை கேட்கும் ஒருவர். வெட்கமின்றி நாடத்தக்க மனநல மருத்துவம், அதுவும் பட்டினத்தில் மட்டுமன்றிக் குளத்தடிக் குடியேற்றங்களுக்கும் எட்டுமாறு. இரண்டாவதை அரசிடம் கேட்டுப் பெறுதல் எம் அனைவரின் கடமை. முதலாவதை அம்மாணவனிடம் ஒப்படைத்தோம். காந்தம் ஒன்றும் செய்யாது என்று அவருடன் வாதாட வேண்டாம். மாலையிற் சற்றுநேரம் அருகில் இருந்து அவர் சொல்வதைக் கேள். மருத்துவரிடம் போக இசைந்தால் நீயும் துணைக்குப் போ என்றோம். அவன் தலையசைத்து, காந்தத்தை ஆய்வுகூட மேசையில் வைத்துவிட்டுப் போனான்.