ஏரி வண்டல் வயலுக்கா? லாரிக்கா?



யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 20 கிலோ சொச்சம். சேற்று வயலில் வீசினால் அதில் பாதியைக்கூட நெல் எடுப்பதில்லை. மீதி காற்றோடும் தண்ணியோடும் போய்விடுகிறது. பொட்டாஷ் கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலில் வரவேண்டும். 2022-இல் மூட்டை 1,700 ரூபாய்க்கு ஏறியபோது நாம் பட்ட பாடு மறந்தா போச்சு?

வெயிலுக்கு யாரும் விலை கேட்பதில்லை. பயிர் அதைப் பிடித்து வைக்கிறது. வைக்கோலைத் தின்ற மாடு உழைத்து, மூச்சுவிட்டு, அந்தத் தெம்பைச் செலவழிக்கிறது. சாணத்தில் மிஞ்சியதை மண்புழுவும் நுண்ணுயிரும் தின்று தீர்க்கின்றன. தீர்ந்தால் நாளைக்குப் புது வெயில் வரும். சத்து அப்படி வராது! தழைச்சத்தையாவது கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் காற்றிலிருந்து பிடித்துத் தரும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மண்ணில் இருந்தால்தான் உண்டு. ஒரு டன் வைக்கோலைக் கட்டுக்கட்டி வெளியூருக்கு ஏற்றினால், சுமார் 15 கிலோ சாம்பல் சத்தும் கூடவே வண்டி ஏறிப் போகிறது. போனதை யார் திருப்பிக் கொண்டுவருவது?

நம் முன்னோர் அதற்கு வழி வைத்திருந்தார்கள். காடு கரையில் மேய்ந்த ஆட்டை ராத்திரி வயலில் கிடை போட்டார்கள். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று கணக்கும் சொன்னார்கள். வேடந்தாங்கல் பக்கம் போய்க் கேளுங்கள். சுத்துப்பட்டு ஏரிகளில் மீன் தின்ற பறவைகள் திரும்பி வந்து அந்த ஏரியில் எச்சமிடுகின்றன. அந்தத் தண்ணி பாய்ந்த வயலுக்கு அதுவே உரம். அங்கே பறவைமேல் கைவைக்க ஊர் விடாது. சும்மாவா?

எல்லாவற்றுக்கும் பெரிய எருக்குழி ஏரிதான். மழை பெய்தால் மேட்டுக்காட்டின் இலைதழை, ஆட்டுப் புழுக்கை, நம் வயலின் மேல்மண், எல்லாம் அடித்துக்கொண்டு வந்து ஏரியில் படிகிறது. அந்த வண்டலில் களி உண்டு, மக்கு உண்டு. செம்மண்ணிலும் மணல்சாரி நிலத்திலும் போட்டால் ஈரமும் நிற்கும், போட்ட உரமும் ஓடாது. கோடையில் வண்டி கட்டி அள்ளினோம். ஏரியும் ஆழமாச்சு, வயலும் கொழுத்தது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் சுமார் 39,000. இதைவிட உரத் தொழிற்சாலை எதற்கு?

வண்டல் இலவசம் என்று 2017-இல் அரசு சொன்னது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90. தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-இல் எளிதாக்கினார்கள். வரவேற்கிறோம். ஆனால் நடப்பது என்ன? மனுவைக் கொடுத்தால், கையெழுத்துக்கு இன்று வா, நாளை வா! ஏரி காய்ந்து கிடப்பது பங்குனியிலிருந்து ஆடி வரை. ஆவணியில் அனுமதி வந்து, ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணிக்குள் நின்றா மண் அள்ளுவது?

நமக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம். ராத்திரியில் பொக்லைன் இறங்குகிறது. மேல் வண்டல் செங்கல் சூளைக்கு. அடியில் உள்ள சவுடு மனைக்கட்டு மேடாக்க. ஆள் உயரக் குழி விழுந்து, மடையை விடத் தரை தாழ்ந்து போன ஏரியில் தண்ணி நின்றாலும் வயலுக்கு ஏறுமா? சூளையில் வெந்த வண்டல் இனி எந்தப் பயிருக்கும் சோறு போடாது.

நாம் கேட்பது பிச்சை இல்லை. மனு கொடுத்த பதினைந்து நாளில் அனுமதி கொடு! எந்த ஏரியில் எவ்வளவு அள்ளலாம் என்பதை மாசி மாதமே ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடு! ராத்திரி லாரியைப் பிடி, ஓட்டுநரை மட்டுமல்ல, அனுப்பியவனையும் பிடி!

சிட்டா, அடங்கல் நகலோடு தாலுகா ஆபீசுக்குத் திரண்டு வாருங்கள். குத்தகைக்காரர்களும் வாருங்கள், உங்களுக்கும் வண்டல் உண்டு என்று சேர்த்துத்தான் கேட்கப்போகிறோம். பெண்கள் முன்வரிசையில் நிற்கட்டும். டிராக்டர் வாடகையை இப்போதே பேசி வையுங்கள்.

இவண்,
செயலாளர்
விவசாயிகள் சங்கம்