வெள்ளோட்டம்

புதிதாகத் தேர் ஒன்று செய்து முடித்ததும் அன்றைக்கே சுவாமியை எழுந்தருளச் செய்து வீதிவலம் விடுகின்ற வழக்கம் நம்மவரிடம் இல்லை. திருவிழாவுக்கு முன்னரே ஒரு நன்னாள் பார்த்து, சுவாமி ஏறாத தேரை, அது பின்னர் ஓடவேண்டிய அதே வீதியிலே வடம்பிடித்து இழுத்துப் பார்ப்பர். மணலிற் சில்லுப் புதைகின்றதா, திருப்பத்திலே முட்டுக்கட்டைக்கு அடங்குகின்றதா, மேலே கட்டிய சிகரம் ஒருபக்கம் சாய்கின்றதா என்பதையெல்லாம் தேர் செய்த ஆசாரியார் கூடவே நடந்து கவனிப்பார். இதற்கு வெள்ளோட்டம் என்று அழகான பெயரும் இட்டுவைத்தார்கள். ஆண்டுக்கு ஒருநாள் ஓடும் தேருக்கு இவ்வளவு விசாரணை செய்கின்ற நாம், ஆண்டு முழுவதும் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடவேண்டிய வாகனத்தை மாத்திரம் வர்ணம் பார்த்து வாங்கிவிடுகின்றோம்.

இலங்கையில் 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1ஆந் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அடக்கிவைத்த ஆசை, கலிங்கு பாயும் குளம்போல வழியத் தொடங்கியது. கனகராயன்குளத்தில் இருந்துகொண்டு ஏ9 வீதியைப் பார்த்தாலே அது தெரிகின்றது. இலக்கத்தகடு மின்னும் புத்தம்புது வாகனங்கள், அவற்றிலே பெரும்பாலானவை எஸ்.யூ.வி. எனப்படும் உயர்ந்த குடும்ப வாகனங்கள், வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையே பறந்தவண்ணம் இருக்கின்றன. இயந்திரத்தின் கொள்ளளவுக்கு ஏற்ப உற்பத்தி வரி, அதன்மேல் 18 வீதப் பெறுமதிசேர் வரி என்று சுமை ஏறிய பின்னர், ஒரு கிராமத்துக் குடும்பம் தன் ஆயுளிலே வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாகச் செய்யும் பெருஞ்செலவு இதுதான். அந்தப் பணத்திலே நெல் விற்ற காசும் இருக்கும், பணிக்கொடையும் இருக்கும், கனடாவிலே பனிக்குள் வேலை செய்யும் பிள்ளையின் உழைப்பும் இருக்கும்.

இந்நிலையில் பலர் வாகனத்தைக் கண்ணாற் காணாமலே வாங்குகின்றார்கள் என்பதுதான் வியப்பு. ஜப்பான் தேசத்து ஏலத்தில் வாகனம் எடுப்பிக்கும்போது கைக்கு வருவது ஓர் ஏலத்தாள். அதிலே நாலரை என்றும், ஐந்து என்றும் தரப்புள்ளி இட்டிருக்கும். விபத்திற்பட்டுத் திருத்தப்பட்டதாயின் ‘ஆர்’ என்ற எழுத்து இருக்கும். நல்ல ஏற்பாடுதான். தாளைக் கேட்டு வாங்காதவர் ஏமாறவும் கூடும். ஆயினும் அந்தத் தாள் வாகனத்தின் சென்ற காலத்தைச் சொல்லுமேயன்றி, உங்கள் தாயாரின் முழங்கால் அதன் படியேறுமா என்பதைச் சொல்லாது.

நேரிற் சென்று வாங்குபவர்களுக்கும் கிடைப்பது பெரும்பாலும் பத்து நிமிடம். “சேர், ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கோ” என்பார் விற்பனையாளர். காப்பெற் இட்ட வீதி. குளிரூட்டி முன்னரே நன்றாகக் குளிர்ந்திருக்கும். மெல்லிய சங்கீதமும் ஒலிக்கும். காப்பெற் வீதியில் மாட்டுவண்டியும் சுகமாகவே ஓடும் என்பதை அந்த நேரத்தில் எவரும் நினைப்பதில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டோம் என்ற திருப்தியோடு முற்பணத்தையும் கட்டிவிட்டு வீடு திரும்புவர்.

இவ்வகை வாகனத்தைப் பற்றி ஒரு மயக்கம் நம்மிடம் உண்டு. நம் ஊரில் உயர்ந்து நிற்பது எதுவாயினும் அதற்கு ஜீப் என்றுதான் பெயர். 1940களில் யுத்தகளத்துக்கென்று அமெரிக்காவில் உண்டான ஜீப்பும், 1948இல் வெளிவந்த இங்கிலாந்தின் லான்ட் றோவரும் நான்கு சில்லுகளாலும் இழுபடுபவை. இரும்புச் சட்டத்தின்மேல் உடல் பொருத்தப்பட்டவை. சேற்றுக்கும் மேட்டுக்குமாகப் பிறந்த பிறவிகள். 1994இல் டொயோட்டா நிறுவனம் ‘ராவ்4’ என்ற சிறு வாகனத்தைக் காரின் அமைப்பிலேயே உயர்த்திச் செய்து விற்றது. இன்றைய குடும்ப எஸ்.யூ.வி.க்களிற் பெரும்பாலானவை அந்த வம்சத்தவை. அவற்றிலும் பல, முன்சில்லு இரண்டினால் மாத்திரம் இழுபடுபவை. உருவம் ஜீப், உள்ளம் கார் என்க.

உதாரணமாக, நம் வீதிகளில் அதிகம் காணப்படும் டொயோட்டா றைஸ் என்னும் சிறு வாகனத்தின் ‘ரேர்போ’ வகையில் இருப்பது 996 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட இயந்திரம். அதன் அடிப்பாகம் நிலத்திலிருந்து 185 மில்லிமீற்றர், அதாவது ஏழேகால் அங்குலம் உயர்ந்து நிற்கும். இது குறைவென்று நான் சொல்லவில்லை. ஆனால் இது வெறும் வாகனத்தின் கணக்கு. ஐந்து பேரும் இரண்டு மூடை நெல்லும் ஏறியபின் அந்த உயரம் எவ்வளவு தாழும் என்பதைக் குளக்கட்டுப் பாதையிலுள்ள மேடுதான் சொல்லும்; விளம்பரத்தாள் சொல்லாது.

உயரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. உயர்ந்தது எளிதிற் சாயும். 1997ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் சுவீடன் தேசத்தில் நடந்த ஒரு சம்பவத்தை மோட்டார் உலகம் இன்றும் மறக்கவில்லை. அந்நாட்டு வீதிகளில் மூஸ் என்னும் மிகப் பெரிய மானினம் திடீரெனக் குறுக்கிடும். ஆதலால் அங்குள்ள ‘தெக்னிக்கென்ஸ் வார்ள்ட்’ என்ற மோட்டார் சஞ்சிகை, புதிய வாகனம் எதுவாயினும் அதனைச் சட்டென ஒருபுறம் வெட்டி மறுபுறம் திருப்பிச் சோதித்துப் பார்க்கும். அவ்வாண்டு புதிதாக வந்திருந்த மெர்சிடிஸ் பென்ஸ் ‘ஏ’ வகை உயர்ந்த சிறு காரை அச்சஞ்சிகையின் நிருபர் ஒருவர் இவ்வாறு திருப்பியபோது அது உருண்டு கவிழ்ந்துவிட்டது. உலகப் பிரசித்தி பெற்ற பொறியியலாளர்கள் ஆண்டுக்கணக்காகச் சோதித்த வாகனம் அது! நிறுவனம் விற்பனையைச் சில காலம் நிறுத்தி, வாகனம் நிலைதவறாமற் காக்கும் மின்னணுக் கருவியை எல்லா ‘ஏ’ வகைக் கார்களிலும் பொருத்திய பின்னரே மறுபடி விற்றது. அச்சிறு காரில் அன்று அது கட்டாயமாக ஏறியதன் பின் அக்கருவி ஏனைய சிறு கார்களுக்கும் பரவியது. வாகனம் வாங்குமுன் அது இருக்கின்றதா என்று முதலிற் கேளுங்கள்.

மூஸ் நம்மிடம் இல்லை. ஆனால் இருட்டியபின் ஏ9 வீதியிலே படுத்து அசைபோடும் மாடுகள் உண்டு. புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே காடு கடந்து வரும் யானையும் உண்டு. ஆகவே நம் வெள்ளோட்டத்தில் ஒருபகுதி கட்டாயம் இரவிலே நடக்கவேண்டும். முன்விளக்கின் ஒளி எவ்வளவு தூரம் போகின்றது, எதிரே வரும் பேருந்தின் வெளிச்சத்தில் முன்கண்ணாடி மங்குகின்றதா, கண்ணாடியைத் தாங்கும் தடித்த தூண் வீதியோரத்தில் நிற்பவனை மறைக்கின்றதா என்பவை பகலிலே தெரியா. ஊர்மனை கடந்த வீதியில் நம் சட்டம் காருக்கு அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். பின்னால் எவரும் வரவில்லை என்று உறுதிசெய்து, குடும்பத்தாரை இறக்கிவிட்டு, அந்த வேகத்திலிருந்து ஒருமுறை பிறேக்கை அழுத்திப் பாருங்கள். வாகனம் நேரே நிற்கவேண்டும்.

காலையிலே போகின்றவர்கள், தாம் வருமுன் இயந்திரத்தை இயக்கிவைக்க வேண்டாமென்று விற்பவரிடம் முன்னரே சொல்லிவைத்தல் நலம். குளிர்ந்த இயந்திரம் பொய் சொல்லாது. சூடேறியது பல நோய்களை மறைத்துவிடும். 1990களில் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய வடபகுதிச் சாரதிகள் நினைவுக்கு வருகின்றார்கள். சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை எழுப்பிவிட்டு, அது இருமும் இருமலைக் கொண்டே எந்த உறுப்புக்கு நோவென்று சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட பழைய மெக்கானிக் ஒருவர் ஊரில் இருந்தால், அவருக்கு ஒருநாட் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். இலட்சக்கணக்கான செலவில் அது ஒரு செலவா?

அடுத்தது குடும்பம். தகப்பனும் மூத்த மகனும் போய் ஓட்டிவிட்டு வருவதுதான் நம் வழக்கம். இவ்வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வீட்டிலுள்ள அனைவரும் ஏறவேண்டும். சேலை உடுத்த ஆச்சி எவருடைய கையையும் பிடியாமல் ஏறி இறங்கட்டும். இல்லத்தரசி ஓட்டுபவராயின் அவரும் ஓட்டட்டும். அவருடைய கால் பிறேக்குக்கு எட்டவேண்டும், கண் முன்மூடிக்கு மேலாகப் பார்க்கவேண்டும். பின்னாசனத்தின் நடுவிலே வளர்ந்த பிள்ளை ஒன்றை இருத்தி, உச்சிவெயிலில் அரைமணி நேரம் ஓட்டினால், குளிரூட்டி எவ்வளவு தூரம் வலியது என்பதும் மூன்று உருளை இயந்திரம் சுமையோடு எப்படி மூச்சு வாங்குகின்றது என்பதும் ஒருங்கே விளங்கும். இவற்றினும் முக்கியமான ஒன்றை எவரும் செய்து பார்ப்பதில்லை. பின்னாசனத்தில் ஒருவரைப் படுக்கவைத்துப் பாருங்கள். நடுச்சாமத்திலே நெஞ்சுவலி என்று ஒருவர் துடித்தால் வவுனியாப் பொது வைத்தியசாலைக்கு ஓடவேண்டிய ஊர் நம்முடையது. வாகனம் வாங்குகின்ற காரணங்களில் அது முதலாவதன்றோ?

மேலதிகச் சில்லு இருக்கின்றதா என்று பின்கதவைத் திறந்து பார்க்கவும். இக்காலத்து வாகனங்கள் பலவற்றில் அந்த இடத்தில் ஒரு சிறு காற்றுப்பம்பியும் பசைப் புட்டியும் மாத்திரம் இருக்கும். முள் குத்திய துளைக்கு அது போதும். பக்கவாட்டில் ரயர் கிழிந்தால் போதாது. இராகுகாலம் பார்த்து, எலுமிச்சம்பழம் நசித்து, கற்பூரம் கொளுத்தி வாகனத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் நாம் ஐந்தாவது சில்லைப் பாராமல் விடுவது வேடிக்கை.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலை மறந்தவர் இல்லை. உயர்ந்த வாகனம் இருக்கின்றது என்ற துணிவில் நீர் பாயும் வீதியில் இறங்குதல் ஆபத்து. வேகமாய் ஓடும் நீர் ஓரடி உயர்ந்தாற் சிறிய கார்களையும், இரண்டடி உயர்ந்தாற் பெரும்பாலான வாகனங்களையும் அடித்துச் செல்லும் என அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கின்றது. ஓட்டிப் பார்க்கக்கூடாத இடம் அது ஒன்றுதான்.

“இவ்வளவுக்கும் விற்பவர் சம்மதிப்பாரா?” என்று கேட்பீர்கள். சிலர் சம்மதியார். அப்போது அதே வகை வாகனத்தை வாடகைக்கு விடுபவர் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உண்டா என்று விசாரித்து, ஒருநாளைக்கு எடுத்து உங்கள் ஒழுங்கையிலே ஓட்டிப் பாருங்கள். தாங்கி நிரம்ப எரிபொருள் அடித்துப் புறப்பட்டு, மாலையில் மறுபடி நிரப்பினால், கிலோமீற்றருக்கு எவ்வளவு குடிக்கின்றது என்ற உண்மையும் வெளிப்படும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

விற்பவர் சம்மதித்தால் அவரையும் ஏற்றிக்கொண்டு கனகராயன்குளத்துக்கு வாருங்கள். கிறவல் ஒழுங்கையில் ஒருமுறை, குளக்கட்டோரமாக ஒருமுறை ஓட்டிவிட்டு, அப்படியே வடக்கே முறிகண்டி வரை போகலாம். அங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எந்தச் சாரதியும் தாண்டுவதில்லை; ஆகையால் விற்பவரும் இறங்கத்தான் வேண்டும். அவர் கற்பூரம் கொளுத்தும் நேரத்தில் வாகனத்தின் அடியிலே குனிந்து எண்ணெய் சொட்டுகின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழிக்கு வறுத்த கச்சான் வாங்குகின்ற செலவு உங்களுடையது.