ஒற்றை லாரிக்காரரின் ரிப்பேர்ச் சுமை

கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் ராஜபாட்டையில் மதுக்கரை ஒரு முக்கியமான ஸ்தலம். 1934-ல் இங்கே சிமெண்ட் ஆலை ஏற்பட்ட நாள் முதல் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்ட் மூட்டையும் இவ்வூர் ஜனங்களின் ஜீவனத்தோடு பிணைந்துவிட்டன. நீலாம்பூரிலிருந்து வரும் புறவழிச் சாலையும் இங்கேதான் வந்து சேர்கிறது. இந்தப் பாதையில் இரவு பகலாய் ஓடும் லாரிகளில் பெரிய கம்பெனிகளின் வண்டிகள் உண்டு. ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு, தாமே அதற்கு முதலாளியாகவும் டிரைவராகவும் கணக்கப்பிள்ளையாகவும் இருப்பவர்களின் வண்டிகளும் உண்டு. இந்த இரண்டாவது வகையினரைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம். அவர்களுடைய கஷ்டம் டீசல் விலையைப்போல் எல்லோர் வாயிலும் அடிபடுவதன்று. இஞ்சின் நின்றுபோகும் நாளில்தான் அது வெளிப்படுகிறது. அந்த நாளில் அவருக்குத் துணை யாருமில்லை.

ஐம்பது லாரி உள்ளவருக்கு இரண்டு லாரி பட்டறையில் நின்றால் நாற்பத்தெட்டு ஓடுகின்றன. ஒற்றை லாரிக்காரருக்கோ ஒன்று நின்றால் எல்லாம் நின்றது. அவருக்கு ஏற்படும் நஷ்டம் பட்டறைக்காரர் கொடுக்கும் பில்லோடு முடிவதில்லை. வண்டி நின்ற நாட்களின் வாடகை போயிற்று. வாடிக்கையாக லோடு கொடுத்த புக்கிங் ஆபீஸ் வேறு வண்டியைத் தேடிக்கொண்டது. மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கிறது. இரண்டு தவணை தவறினால் வண்டியே கடன் கொடுத்தவர் கைக்குப் போகிறது. நேற்றுச் சொந்த லாரி ஓட்டியவர் இன்று பிறர் லாரியில் சம்பளத்துக்கு ஏறுகிறார். ஒரு இஞ்செக்டரும் ஒரு டர்போவும் சேர்ந்து ஒரு சுதந்திரமான தொழிலாளியைக் கூலியாளாக்கிவிடக் கூடுமென்றால், இதை ஒருவருடைய துரதிர்ஷ்டம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியுமா?

இன்ஷியூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். விபத்தில் அடிபட்ட வண்டிக்கு அது சகாயம் செய்யும்; தேய்மானத்தாலும் யந்திரக் கோளாறாலும் நின்ற வண்டிக்குச் சாதாரண பாலிசியில் இடமில்லை. கடன் விஷயமும் அப்படியே. பழைய லாரி வாங்கக் கடன் கொடுக்கும் தொழில் 1979-ல் சென்னையில் தோன்றிய ஒரு ஸ்தாபனத்தால் நாடு முழுவதும் பரவியது. 2015-ல் முத்ரா திட்டம் வந்தது. 2024-ல் அதன் உச்சவரம்பு 20 லட்சமாயிற்று. வண்டி வாங்கப் பணம் கிடைக்கிறது. ஈடு அந்த வண்டியே. ஆனால் அதே வண்டி பாதி வழியில் பழுதானால் ஈடு வைக்க என்ன மிஞ்சியிருக்கிறது? கைமாற்றும் கந்து வட்டியும்தான் கைகொடுக்கின்றன.

சட்டத்தின் கண்ணோட்டமும் விசித்திரமானதே. பத்து லாரிகளுக்கு மேற்படாத சொந்தக்காரர் கணக்குப் புத்தகம் காட்டாமலே வருமான வரி செலுத்த ஒரு வழி இருக்கிறது. மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியானால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று மதிக்கப்படுகிறது; 28 டன் லாரிக்கு மாதம் 28,000 ரூபாய். ஓடிய மாதம், பட்டறையில் கிடந்த மாதம் என்ற பேதம் இதில் இல்லை. வண்டி சொந்தமாயிருந்தால் போதும். ஒற்றை லாரிக்காரருக்கு இதனால் வரி விழாமற் போகலாம். ஆயினும் இஞ்சினை இறக்கி வைத்த லாரியும் சம்பாதிக்கிறது என்று கருதும் மனோபாவத்தை இது காட்டுகிறதல்லவா?

இந்தச் சுமை சமீப காலத்தில் பெருகியிருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் லாரிகள் பி.எஸ்.6 விதிக்கு உட்பட்டவை. இவற்றில் டீசல் மிகுந்த அழுத்தத்தில் கம்ப்யூட்டரின் உத்தரவுப்படி பாய்கிறது. புகைக்கரியை ஒரு வடிகட்டி பிடிக்கிறது. நைட்ரஜன் நச்சுப் புகையை முறிக்க 32.5 சதவிகித யூரியாக் கரைசல் தெளிக்கப்படுகிறது. ஒரு சென்சார் கெட்டாலும் இஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது. பழைய லாரி இருமினால் அதன் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்ன மெக்கானிக், இன்று கம்பெனியின் ஸ்கேனர் இல்லாமல் கைகட்டி நிற்கிறார். பழுது சிறிதாயினும் பெரிதாயினும் கம்பெனி வொர்க்ஷாப்பையே நாட வேண்டிய நிர்ப்பந்தம். அங்கே சொன்னதே விலை, சொன்னதே நாள்.

கொங்கு நாட்டுக்கு இது பெரிய இழிவு என்று கருதுகிறோம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழிலை ஆரம்பித்தவர் ஸ்ரீ ஜி. டி. நாயுடு. யந்திரத்தைப் பிரித்துப் பார்த்துப் பழகிய கையே அவருடைய மூலதனம். அந்தப் பழக்கம் அவரோடு நிற்கவில்லை; கோயமுத்தூர்ச் சந்துகளில் லேத் பட்டறைகளாகவும் வார்ப்படச் சாலைகளாகவும் பம்புத் தொழிலாகவும் கிளைத்தது. இப்படிப்பட்ட ஊரில், பணம் கொடுத்து வாங்கிய வண்டியின் மூடியைத் திறக்கவும் பிறருடைய அனுமதி வேண்டுமென்றால், அந்தச் சொந்தத்துக்கு என்ன அர்த்தம்?

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார்க் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2016-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 3 கம்பெனிகள் விஷயத்தில் அபராதத்தைக் குறைத்ததாயினும் தவறு தவறே என்றது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்து ஜனங்கள் 2012-ல் தாமே வாக்களித்து ரிப்பேர் உரிமையை நிலைநாட்டினார்கள். நமது மத்திய சர்க்கார் 2022-ல் இவ்விஷயமாக ஒரு கமிட்டி அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. ஆனால் கம்பெனிகள் தாமாக முன்வந்து வெளியிடும் விவரங்களைத் தொகுத்து வைப்பது மட்டும் போதாது. லாரிகளையும் சேர்த்து, நியாயமான விலையில் கருவியும் விவரமும் பாகமும் எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்கவேண்டும் என்று சட்டமே கட்டளையிட வேண்டும்.

கருவியைத் திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடுவார்கள் என்று கம்பெனிகள் சொல்லக்கூடும். புகை குறைய வேண்டியது அவசியமே. அதைக் குலைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. குலைத்தவரைப் பிடிக்க எஃப்.சி. பரிசோதனை இருக்கிறது. ஆனால் இன்று திருட்டுத்தனமாகச் சென்சாரை ஏமாற்றும் வேலை எதனால் நடக்கிறது? முறையான ரிப்பேர் எட்டாத விலையில் இருப்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். நேர்வழியை அடைத்துவிட்டுக் குறுக்கு வழியில் போகிறான் என்று குறை கூறுவது நியாயமாகாது.

சர்க்காரை மட்டும் குறை கூறி நிறுத்திக்கொள்வதும் நமது நோக்கமன்று. லாரிச் சொந்தக்காரர்கள் செய்துகொள்ள வேண்டியதும் உண்டு. புது லாரிக்கு முதல் எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கொரு முறையும் பின்னர் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. டயருக்கும் கிளச்சுக்கும் ஆயுள் இவ்வளவு என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். தேதி தெரிந்த செலவைக்கூடத் திடீரென்று விழுந்த இடியைப்போல் ஏன் எதிர்கொள்ள வேண்டும்? மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் என்று தனியாக ஒதுக்கினால் ஆண்டில் 1,44,000 ரூபாய் சேரும். அந்த 2 ரூபாயையும் சேர்த்தே வாடகை பேசவேண்டும். டீசலுக்கும் டோலுக்கும் படிக்கும் கட்டினால் போதுமென்று லோடு ஏற்றுகிறவர் தம் இஞ்சினை அறுத்து வாடகையாகத் தின்கிறார். பக்கத்து லாரிக்காரரின் வாடகையையும் கெடுக்கிறார். சில ரூபாய் மிச்சம் பிடிக்க உர யூரியாவைக் கரைத்து ஊற்றுவதும் இத்தகையதே. பின்னால் வரும் ரிப்பேர் அந்த மிச்சத்தைப் பன்மடங்காக விழுங்கிவிடும்.

ஆயினும் தனியொருவர் சேமிப்பு பெரிய ரிப்பேருக்கு ஈடுகொடாது. பணம் சேருமுன் பழுது வந்தால் என்ன செய்வது? நம் ஊர்களில் பலர் ஏலச்சீட்டை நம்புகிறார்கள். ஆனால் ஏலச்சீட்டில் அவசரக்காரரே அதிகம் தள்ளி எடுக்கிறார்; இஞ்சின் நின்றவருடைய நஷ்டம் மற்றவர்களுக்கு லாபமாகிறது. இதற்கு மாறாகக் கூட்டுறவு முறையில் ஒரு ரிப்பேர் நிதி ஏற்படவேண்டும் என்பது நமது யோசனை. நூறு லாரிக்காரர்கள் மாதம் ஆயிரம் ரூபாய் போட்டால் ஆண்டில் 12 லட்சம் சேரும். பழுதான வண்டிக்குக் குறைந்த வட்டியில் அதிலிருந்து கடன், தவணை வாடகையிலிருந்து. நாளடைவில் ஒரு ஸ்கேனர், பயிற்சி பெற்ற இரண்டு மெக்கானிக்குகள், மொத்த விலையில் வாங்கிய பாகங்கள் என்று பொதுப் பட்டறையே தோன்றலாம். 1904-ல் திருவல்லிக்கேணியில் சாமானியர் சிலர் கூடித் தொடங்கிய கூட்டுறவு ஸ்தாபனம் நூறாண்டு கடந்து நிலைத்திருக்கிறது. யந்திரம் தெரிந்த கொங்கு நாட்டாருக்கு இது முடியாத காரியமா?

நிலைமை மாறாது என்று சோர்வதற்கு இடமில்லை. வாளையாற்றுச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் வரிசையில் நின்ற காலம் ஒன்றிருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிச் சாவடி மறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கும் பாகங்களுக்கும் 28 சதவிகிதம் வரை இருந்த வரி 18 ஆகக் குறைந்தது. இதை வரவேற்கிறோம், ஆனால் ஜி.எஸ்.டி. பதிவில்லாத ஒற்றை லாரிக்காரர் அந்த 18 சதவிகிதத்தையும் திரும்பப் பெற வழியின்றித் தாமே சுமக்கிறார் என்பதை மறக்கலாகாது.

சாவடியில் நின்ற லாரியை விடுவிக்கச் சட்டம் செய்ய முடிந்தது. பட்டறையில் நிற்கும் லாரியை விடுவிக்கவும் முடியும். ரிப்பேர் உரிமையைச் சட்டமாக்குவது சர்க்காரின் கடமை. நிதியைத் தொடங்குவது சொந்தக்காரர்களின் கடமை. முன்னது வரும்வரை பின்னதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மதுக்கரை லாரிக்காரர்கள் இதில் முதலடி எடுத்துவைத்து மற்ற ஊர்களுக்கு வழிகாட்டுவார்கள் என்று நம்புகிறோம்.