காகிதத்தில் ஒரு நாய்க்குட்டி



ஐப்பசி மழையில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாசல்தோறும் காகிதக் கப்பல்கள் மிதக்கும். கப்பல் மடித்த கைகளுக்கு நாய்முகம் எளிது. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீண்ட விளிம்பு மேலே இருக்கட்டும். அதன் இரு முனைகளையும் கீழ்நோக்கிச் சாய்த்து மடித்தால் காதுகள். கீழ்முனையைச் சிறிது மேலே மடித்தால் வாய். பின்பு கண்களை வரையுங்கள்.

ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) தொழிற்சாலையில் பயின்ற இளைஞர்களுக்குக் காகிதம் மடித்தே வடிவக் கணிதம் கற்பித்தார். மடிக்கும் விரல்களே கற்கின்றன. ஆகவே பெற்றோரே, மடிப்பு கோணினாலும் பிள்ளையின் தாளைப் பிடுங்கித் திருத்தாதீர்கள். வேறொரு தாளை எடுத்து, அருகமர்ந்து நீங்களும் மடியுங்கள். ஒரு காது தாழ்ந்த தன் நாய்க்குட்டியைத்தான் பிள்ளை தலையணையடியில் வைத்து உறங்கும்.